பத்துக்குப் பன்னிரண்டில் ஒரு குடும்பம்

பத்தடிக்குப் பன்னிரண்டடி ஹால். சென்னையின் பழைய அடுக்ககங்களிலும் மதுரை, திருச்சி வாடகை வீடுகளிலும் பரவலாகக் காணக்கூடிய அளவு இது. மொத்தம் 120 சதுர அடி. மூவர் அமரும் சோபா ஒன்று, ஒற்றை இருக்கை இரண்டு என ஒரு 'செட்' அதற்குள் வந்து சேர்கிறது. ஆறரைக்கு மூன்று என்ற கணக்கில் சோபா கிட்டத்தட்ட இருபது சதுர அடியை எடுத்துக்கொள்ளும். ஒற்றை இருக்கைகளுக்குத் தலா ஒன்பது. ஆக 38. கால் நீட்டவும் நடக்கவும் விட வேண்டிய இடத்தையும் சேர்த்தால் ஹாலில் பாதி போயிற்று. ஊரின் அந்தப் பகுதியில் வீடு சதுர அடி 6,000 ரூபாய்க்கு விற்கிறது என்று வைத்துக்கொண்டால், முப்பதாயிரம் ரூபாய் சோபாவின் அடியில் இரண்டே கால் லட்சம் ரூபாய்த் தரை அடைந்து கிடக்கிறது. விருந்தாளி வராத நாட்களில் அதன்மேல் கிடப்பது துவைத்து மடிக்காத துணிதான்.

வீட்டில் இடமில்லை என்ற பேச்சு எழுந்தவுடன் தச்சரையோ மாடுலர் கடையையோ தேடிப் போகிறோம். அதற்கு முன்பு தரையிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்தச் சதுர அடி ஒரு நாளில் எத்தனை மணி நேரம் யாருக்காவது பயன்படுகிறது? அதிகம் செலவில்லாமல் வீட்டைப் பெரிதாக்கும் வழிகளில் பெரும்பாலானவை இந்தக் கேள்விக்கான விடைகளாகவே இருக்கின்றன.

நாட்டில் வீடுகளின் அளவைப் பார்த்தால் கேள்வியின் கனம் புரியும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியக் குடும்பங்களில் 37.1 சதவீதம் ஒரே அறையில் வாழ்ந்தன. தனக்கென்று ஓர் அறைகூட இல்லாதவை 3.9 சதவீதம். பத்தில் நான்கு குடும்பங்களுக்குச் சமைப்பதும் படிப்பதும் உறங்குவதும் ஒரே நான்கு சுவர்களுக்குள். 2015இல் தொடங்கிய பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தின் நகர்ப்புறப் பிரிவு, பொருளாதாரத்தில் நலிந்தவர்களுக்கான வீட்டின் கார்ப்பெட் ஏரியாவை 30 சதுர மீட்டர் வரை என்று வரையறுத்தது. அதாவது சுமார் 323 சதுர அடி. ஊரகப் பிரிவில் சமையலிடத்தையும் சேர்த்துக் குறைந்தது 25 சதுர மீட்டர். தமிழ்நாடு அரசின் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி. வீட்டில் ஒரே அறைதான் என்றால் அது 9.5 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது என்கிறது 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டுமான விதித்தொகுப்பு. கிட்டத்தட்ட பத்துக்குப் பத்து அறை. இந்த அளவுகளுக்குள் பிழைப்பதற்கான யோசனைகளைத்தான் தேட வேண்டும். பத்திரிகைகளின் வண்ணப் படங்களில் வரும் 'சிறிய வீடு' பல சமயம் இதைப்போல மூன்று மடங்கு.

இந்தக் கணக்கைத் தமிழ் வீடுகள் ஒரு காலத்தில் வேறு விதமாகப் போட்டன. தரை பகலெல்லாம் காலியாக இருந்தது. இரவில் விரித்த பாய் விடிந்ததும் சுருண்டு மூலையில் நிற்கும். அதே இடத்தில் காலையில் காய் நறுக்குவார்கள், மதியம் இலை போடுவார்கள், மாலையில் பிள்ளைகள் படிப்பார்கள். பிள்ளை உறங்கும் தூளி உத்தரத்திலிருந்து தொங்கியது. தயிரும் நெய்யும் உறியில் தொங்கின. விளக்குக்குச் சுவரிலேயே மாடக்குழி. விறகும் எப்போதோ எடுக்கும் பெரிய பாத்திரங்களும் பரணில். துணிக்குக் கொடிக்கயிறு. நாஞ்சில் நாட்டிலும் கேரளத்திலும் நெல் கொட்டி வைத்த பத்தாயத்தின் மேல்பலகையே சிலருக்குக் கட்டிலாக இருந்தது. செட்டிநாட்டு வீடுகளில் மணமான ஒவ்வொரு மகனுக்கும் முற்றத்தை ஒட்டி ஓர் அறை உண்டு. ஆனால் அது பெரும்பாலும் பொருட்களைப் பூட்டி வைக்கும் இடம். வாழ்க்கை நடந்தது முற்றத்தைச் சுற்றிய வளவில்.

இதை ஏக்கத்தோடு பார்த்தால் உண்மை தப்பிவிடும். உறியும் பாயும் வறுமையின் ஏற்பாடுகளும்தான். புகையும் இருட்டும் நிறைந்த அடுப்படியில் குனிந்து சமைத்தவர்கள் பெண்கள். மூட்டு வலிக்கும் முதியவருக்குத் தரையில் படுத்து எழுவது தண்டனை. ஆனாலும் அந்த வீடுகளில் ஓர் அறிவு இருந்தது. கனமானதைத் தரையில் வை, அடிக்கடி வேண்டாததை மேலே ஏற்று, நேரத்துக்கு நேரம் மாறுவதைச் சுருட்டி எடுத்துவிடு என்பது அந்த அறிவு. கான்கிரீட் வீடு வந்தபோது உத்தரம் போனது, தூளியும் உறியும் போயின. கட்டில், பீரோ, டைனிங் டேபிள், டிவி ஸ்டாண்டு என ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு துண்டுத் தரையை நிரந்தரமாக எழுதி வாங்கிக்கொண்டன. இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. கோத்ரெஜ் போன்ற நிறுவனங்களின் இரும்பு பீரோ கரையானுக்கும் திருட்டுக்கும் அஞ்சிய குடும்பங்களுக்குப் பெரிய நிம்மதி. சீர்வரிசையில் பீரோவும் கட்டிலும் சேர்ந்ததும், வீட்டில் இடம் இருக்கிறதா என்று கேட்காமலேயே அவை வாசலில் வந்து இறங்கின.

கட்டிலையே எடுத்துக்கொள்வோம். குயின் அளவுக் கட்டில் ஆறேகால் அடிக்கு ஐந்தடி. 31 சதுர அடி. பத்துக்குப் பத்து அறையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவு. அது வேலை செய்வது இரவு ஏழெட்டு மணி நேரம். கட்டிலே வேண்டாம் என்று எல்லோரும் சொல்லிவிட முடியாது. ஆனால் அதன் அடியில் ஓரடி உயரம் காலியாக இருந்தால் 31 கன அடி இடம் கிடைக்கிறது. மூன்றடி அகலம், ஒன்றரை அடி ஆழம், ஆறரை அடி உயரம் கொண்ட வழக்கமான பீரோவின் மொத்தக் கொள்ளளவு 29 கன அடிதான். கட்டிலுக்கு அடியில் ஒரு முழு பீரோ ஒளிந்திருக்கிறது என்று பொருள். இதற்காக ஹைட்ராலிக் கட்டில் வாங்க வேண்டியதில்லை. கட்டில் கால்களுக்கு அடியில் மரக்கட்டையோ கடைகளில் விற்கும் உயர்த்திகளோ வைத்து நாலைந்து அங்குலம் தூக்கினால், சக்கரம் வைத்த பிளாஸ்டிக் பெட்டிகளும் பழைய டிரங்குப் பெட்டிகளும் உள்ளே போகும். போர்வை, பருவத்துக்கு மட்டும் எடுக்கும் துணி, பழைய பாடப்புத்தகம், கொலுப் பொம்மை போன்றவற்றுக்கு அது போதும். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். பெட்டிகளுக்குச் சக்கரம் இல்லையென்றால் பெருக்குவது நின்றுபோகும். பெருக்காத கட்டிலடி சில மாதங்களில் தூசியும் பூச்சியும் குடியிருக்கும் இடமாகிவிடும்.

மேலே பார்த்தால் இன்னும் இடம் இருக்கிறது. பெரும்பாலான வீடுகளில் கூரை பத்தடி உயரம். மனிதனின் கை எளிதில் எட்டுவது ஆறரை, ஏழு அடி வரை. அதற்கு மேலே மூன்றடிக் காற்று சும்மா நிற்கிறது. தமிழ்நாட்டுக் கொத்தனார்கள் இதை என்றைக்கோ கண்டுகொண்டார்கள். ஏழடி உயரத்தில், இரண்டடி அகலத்தில், சுவர் நீளத்துக்கு ஒரு கான்கிரீட் லாஃப்ட். பத்தடிச் சுவரில், கான்கிரீட்டின் கனத்தைக் கழித்தாலும் அது ஐம்பது கன அடிக்குக் குறையாது, ஒன்றேமுக்கால் பீரோ. கட்டும்போதே போட்டால் செலவு குறைவு. கட்டி முடித்த வீட்டில் போடுவதென்றால் இரும்பு ஆங்கிளைச் சுவரில் பதித்துக் கடப்பா கல்லையோ பலகையையோ ஏற்றலாம். அல்லது கோழிவலையும் சிமெண்டும் சேர்த்து ஓரங்குலக் கனத்தில் வார்க்கும் ஃபெரோசிமெண்ட் பலகைகளை வைக்கலாம். நான்கரை அங்குலத் தடுப்புச் சுவர் எவ்வளவு கனத்தைத் தாங்கும் என்பதை மேஸ்திரி பார்த்துச் சொல்ல வேண்டும். அரிசி மூட்டையையும் பித்தளை அண்டாவையும் ஏற்றுவதற்கு முன் அந்தக் கேள்வி அவசியம்.

லாஃப்டின் உண்மையான பலவீனம் கனத்தில் இல்லை. ஏறி இறங்குவதுதான் அதன் சிக்கல். நாற்காலிமேல் ஸ்டூலை வைத்து ஏறி விழுந்து இடுப்பெலும்பு உடைந்தவர்கள் எல்லாக் குடும்பங்களிலும் உண்டு. வீட்டில் அறுபது வயதைக் கடந்தவர் ஒருவர் இருந்தாலே மடக்கு ஏணி ஒன்று வாங்குவது லாஃப்டுச் செலவின் பகுதியாகிவிட வேண்டும். அடுத்தது மறதி. என்ன இருக்கிறது என்று வெளியே எழுதி ஒட்டாத பெட்டி வீடு மாற்றும் நாள் வரை திறக்கப்படுவதில்லை. அதே பொருளைக் கடையில் திரும்ப வாங்கிக்கொண்டிருப்போம்.

அடுக்குக் கட்டிலும் இந்த உயரக் கணக்கில்தான் வருகிறது. இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டில் இருபது சதுர அடியில் இருவரையும் படுக்க வைத்துவிடலாம். ரயில் பெட்டியில் மூன்றடுக்குப் படுக்கையும், பகலில் மடிந்து முதுகுச் சாய்வாகிவிடும் நடு பெர்த்தும் இந்த யோசனையின் நன்கு தேர்ந்த வடிவம். வீட்டில் இடையூறு செய்வது சீலிங் ஃபேன். மேல் படுக்கையில் பிள்ளை எழுந்து உட்காரும்போது கையோ தலையோ இறக்கைக்கு எட்டக் கூடாது. எனவே கட்டில் சுவரோரம் போக வேண்டும், ஃபேனுக்கு நேர் கீழே வரவே கூடாது. மே மாதத்தில் மேல் படுக்கையில் சூடு அதிகம் என்பதையும் மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள வீட்டுக்காரர்கள் அறிவார்கள்.

சமையலறையைப் பற்றி உலகம் நூறு ஆண்டுகளாக யோசித்து வருகிறது. முதல் உலகப் போருக்குப் பிந்தைய ஜெர்மனியில் வீட்டுப் பஞ்சம் கடுமையாக இருந்தபோது, ஃபிராங்க்ஃபர்ட் நகரின் வீட்டுத் திட்டத்துக்குப் பொறுப்பாக இருந்த எர்ன்ஸ்ட் மேயின் குழுவில் ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் மார்கரெட் ஷூட்டே-லிஹோட்ஸ்கி பணியாற்றினார். 1926இல் அவர் வடிவமைத்த சமையலறை 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர்; எழுபது சதுர அடி. ரயிலின் உணவுப் பெட்டியில் இருந்த சமையலறையை அவர் ஆராய்ந்தார். எத்தனை அடி எடுத்து வைத்து, எதை எடுக்க எங்கே திரும்புகிறோம் என்று கணக்கிட்டார். அரிசி போன்றவற்றுக்குக் கைப்பிடி வைத்த அலுமினிய இழுப்பறைகள், சுவரோடு மடியும் இஸ்திரிப் பலகை, உட்கார்ந்து வேலை செய்ய ஒரு ஸ்டூல். சுமார் பத்தாயிரம் வீடுகளில் அது பொருத்தப்பட்டது. இன்றைய மாடுலர் கிச்சனின் முன்னோடி அதுதான். பின்னாளில் பெண்ணியவாதிகள் அதன்மேல் ஒரு குறையையும் சொன்னார்கள்: ஒருவர் மட்டும் நிற்கக்கூடிய அந்த இடம் சமையல் வேலையை ஒரு பெண்ணின் தனிமைக்குள் அடைத்துவிட்டது என்று. நியாயமான குறை. ஆனால் ஃபிராங்க்ஃபர்ட்டில் அந்த வசதி தொழிலாளர் குடியிருப்புகளுக்காகச் செய்யப்பட்டது. இங்கே அதன் வாரிசு லட்சங்களில் விற்கிறது.

லட்சங்கள் இல்லாமலும் அந்த அறிவைப் பெறலாம். நம் ஊர்ச் சமையலறையில் ஏற்கெனவே ஓர் அருமையான பொருள் தொங்குகிறது: சுவரில் மாட்டும் எவர்சில்வர் தட்டு ஸ்டாண்டு. தட்டும் டம்ளரும் கரண்டியும் ஒரே சட்டத்தில், தரையில் ஓர் அங்குலமும் கேட்காமல். அதைச் சிங்குக்கு நேர் மேலே மாட்டினால் கழுவிய பாத்திரம் அங்கேயே வடியும், மேடையில் கூடை வைக்கும் இடம் மிச்சம். மேடைக்கு அடியில் கடப்பா கல் தட்டுகள் போட்டிருக்கும் வீடுகளில் இரண்டடி ஆழம்தான் தொல்லை. பின்னால் போன டப்பா கண்ணில் படாது. தட்டின் அகலத்துக்கு ஏற்ற நீளமான டிரேக்களை வைத்து, டிரேயையே வெளியே இழுத்து எடுத்தால், இழுப்பறைக்கான செலவில் சிறு பங்கில் அதே பயன் கிடைக்கும். மூடிய கபோர்டு வேண்டுமென்றால் பிவிசி கதவு கரையானுக்கும் ஈரத்துக்கும் அஞ்சாது, ஆனால் அடுப்பின் சூட்டுக்கு அருகில் வளையும். சிலிண்டர் வைக்கும் இடத்தில் மட்டும் சிக்கனம் பார்க்கவே கூடாது. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தேங்கும். எனவே சிலிண்டர் நிமிர்ந்து நிற்க வேண்டும், அதை மூடும் கதவின் அடிப்பகுதியில் காற்றுத் துளைகள் இருக்க வேண்டும். மாடிப்படிக்கு அடியில் இன்வெர்ட்டரை வைத்து அதற்குப் பக்கத்திலேயே சாமி படமும் விளக்கும் வைக்கும் வழக்கமும் ஆபத்தானதே. லெட்-ஆசிட் பேட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளிவரும்.

கதவுகள் தின்னும் இடத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. மூன்றடிக் கதவு திறக்கும்போது கால் வட்டம் போடுகிறது. ஏழு சதுர அடி. அந்த ஏழடியில் எதையும் வைக்க முடியாது. நான்கு கதவுகள் என்றால் 28 சதுர அடி. ஒரு சிறிய குளியலறையின் பரப்பு. படுக்கையறைக்கும் குளியலறைக்கும் கதவு வேண்டும். சமையலறைக்கும் ஹாலுக்கும் இடையில் வேண்டுமா என்பது யோசிக்க வேண்டியது. அங்கே கதவைக் கழற்றித் திரைச்சீலை போடுவது செலவே இல்லாத வேலை. கட்டாயம் கதவு வேண்டிய இடத்தில் மடக்கு பிவிசி கதவோ தண்டவாளத்தில் ஓடும் கதவோ பொருத்தலாம். 1961-62இல் கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியா குஜராத் வீட்டுவசதி வாரியத்துக்காக அகமதாபாத்தில் கட்டிய 'ட்யூப் ஹவுஸ்' 3.6 மீட்டர் அகலமே உள்ள நீண்ட வீடு. உள்ளே கதவுகளே கிடையாது. தரையின் மட்டத்தை ஏற்றி இறக்கி ஒவ்வொரு பகுதிக்கும் மறைவு தந்தார். சூடான காற்று சரிவான கூரையோடு ஏறி உச்சித் துளை வழியே வெளியேறியது. அந்த வீடு இப்போது இல்லை, 1995இல் இடிக்கப்பட்டது. அதிலிருந்து கற்க வேண்டியது இன்னும் மிச்சமிருக்கிறது.

சுவர்களும் இடம் கேட்கின்றன. பத்தடி நீளமும் ஒன்பதங்குலக் கனமும் உள்ள சுவர் ஏழரைச் சதுர அடியை விழுங்கும். நான்கரை அங்குலச் சுவர் அதில் பாதி. அடுக்ககம் வாங்குபவர்கள் இதை அறிந்திருப்பது நல்லது. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி கார்ப்பெட் ஏரியாவில் வெளிச்சுவர் சேராது, உள்தடுப்புச் சுவர்கள் சேரும். அதாவது உள்ளே எழுப்பும் ஒவ்வொரு தடுப்புச் சுவருக்கும் விலை கொடுத்திருக்கிறோம். கட்டடத்தின் பாரத்தைத் தாங்காத தடுப்பு என்று பொறியாளர் உறுதி சொன்னால், அங்கே சுவருக்குப் பதிலாக இரண்டு பக்கமும் திறக்கும் அலமாரி ஒன்றே தடுப்பாக நிற்கலாம். பழைய வீடுகளில் தடித்த சுவரைக் குடைந்து மரக்கதவு போட்ட அலமாரிகள் இதே எண்ணத்தில் பிறந்தவை.

மடக்கும் பொருட்களுக்கு வருவோம். ஜப்பானியர்கள் ஃபுட்டான் மெத்தையைக் காலையில் மடித்துச் சுவருக்குள் அமைந்த ஆழமான அலமாரியில் வைத்துவிடுவார்கள். படுக்கையறை அப்போதே கூடமாகிவிடும். ஹாங்காங்கின் கட்டடக் கலைஞர் கேரி சாங் 344 சதுர அடி வீட்டில் சுவர்களையே தண்டவாளத்தில் நகர்த்தி 24 விதமான அமைப்புகளை உண்டாக்கினார். உலகெங்கும் அவரைப் பற்றி எழுதினார்கள். அதே வீட்டில் அவர் சிறுவயதில் பெற்றோர், மூன்று தங்கைகளோடு வாழ்ந்தார் என்பதற்கு அவ்வளவு கவனம் கிடைக்கவில்லை. ஆறு பேர் அங்கே வாழ்ந்தபோது நகரும் சுவர்கள் இல்லை. நகரும் சுவர்கள் வந்தபோது அங்கே வாழ்ந்தது ஒருவர். அந்தத் தொழில்நுட்பத்தை வாங்கும் வசதி உள்ளவர்களுக்கு அது தேவைப்படுவது குறைவு. திருவல்லிக்கேணி மேன்ஷன்களின் அறைகளைப் பார்த்தால் மலிவான பாடம் கிடைக்கும். இரண்டு மூன்று கட்டில்கள், ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு பெட்டி, குறுக்கே ஒரு கொடி, கதவின் பின்புறம் ஆணிகள். அறைக்கு வெளியே தெருவே அங்கே தங்குபவர்களின் ஹால்.

சாதாரண வீட்டில் மடக்குவதற்கு மிகவும் பொருத்தமானது மேசை. இரண்டடிக்கு ஒன்றரை அடிப் பலகை, சுவரில் இரண்டு கீல், தாங்க மடக்கு பிராக்கெட் அல்லது சங்கிலி. செலவு சில நூறு ரூபாய், தச்சருக்கு அரை நாள் வேலை. 2020இல் கொரோனாவால் பள்ளி மூடியபோது படிக்க ஓரிடம் இல்லாமல் எத்தனை பிள்ளைகள் கட்டிலிலும் சமையலறை வாசலிலும் அமர்ந்து செல்பேசியில் பாடம் கேட்டார்கள்! அந்தப் பலகை மூடியிருக்கும்போது இரண்டங்குலம்தான் வெளியே நீட்டும். திறந்தால் ஒரு பிள்ளைக்குத் தனக்கென்று ஓரிடம். ஜன்னலை ஒட்டிப் போட்டால் பகலில் விளக்கும் வேண்டாம். கூரையில் கப்பி வைத்துக் கயிற்றால் ஏற்றி இறக்கும் துணிக்கொடியும் இந்த வகைதான். மழைக்காலத்தில் கூடத்தையே அடைத்து நிற்கும் ஈரத் துணி தலைக்கு மேலே போய்விடும்.

இங்கே பலர் எழுத மறப்பது ஒன்று உண்டு. மடக்குவதற்கு ஒரு ஆள் வேண்டும். தினமும் காலையில் படுக்கையைச் சுருட்டி, கட்டிலை மடித்து, மேசையைச் சாத்தி, இரவில் எல்லாவற்றையும் திரும்ப விரிப்பது வேலை. பெரும்பாலான வீடுகளில் அது ஏற்கெனவே நாள் முழுக்க வேலை செய்யும் பெண்ணின் தலையில் விழுகிறது. மிச்சமாகும் சதுர அடி எல்லோருக்கும் போகிறது, அதற்கான உழைப்பு ஒருவரிடமிருந்து எடுக்கப்படுகிறது. சோபா-கம்-பெட் வாங்கிய வீடுகளில் அது ஒரே ஆண்டில் நிரந்தரமாகச் சோபாவாகவோ நிரந்தரமாகப் படுக்கையாகவோ நின்றுவிடுவதற்குக் காரணம் சோம்பல் இல்லை. இரண்டு கையால் அரை நிமிடத்தில் ஒரு பிள்ளை மடிக்க முடியாத எதையும் வாங்காமல் இருப்பது நல்லது. பாயை அவரவரே சுருட்டி வைக்கும் பழக்கம் உள்ள வீட்டில்தான் மடக்கும் பொருட்கள் வெற்றி பெறும்.

வேண்டாததைத் தூக்கி எறியுங்கள் என்ற அறிவுரையும் இப்போது எங்கும் கேட்கிறது. அதில் உண்மை உண்டு. ஓடாத மிக்சி, காலாவதியான மாத்திரை, பிள்ளை கல்லூரிக்குப் போன பிறகும் நிற்கும் மூன்று சக்கர சைக்கிள் எல்லாம் தரையைத் தின்கின்றன. ஆனால் ஏழை வீட்டில் நிறைந்திருக்கும் பொருட்களில் பல ஆசையால் சேர்ந்தவை இல்லை. குடங்களைப் பாருங்கள். லாரித் தண்ணீரையோ ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் குழாயையோ நம்பும் தெருவில் ஒரு குடும்பத்துக்குப் பத்துக் குடமாவது வேண்டும். ஒரு குடத்துக்கு ஒரு சதுர அடி என்றால் பத்துக்குப் பத்து அறையில் பத்தில் ஒரு பங்கு தண்ணீருக்கே போய்விட்டது. 2019 கோடையில் சென்னை வறண்டபோது நடுத்தர வர்க்க அடுக்ககங்களின் பால்கனிகளும் டிரம்களால் நிரம்பின. ரேஷன் அரிசி மாதத்துக்கு ஒருமுறை வருவதால் மூட்டைக்கு இடம் வேண்டும். கூலி நிச்சயமில்லாததால் பழைய துணியையும் பாத்திரத்தையும் கொடுத்துவிட மனம் வராது. நாள் தவறாமல் தண்ணீர் வரும் குழாய் ஒன்று அந்த வீட்டுக்கு எந்த அலமாரியையும்விட அதிக இடத்தைத் திருப்பித் தரும். வீட்டின் இடப் பிரச்சினை வீட்டுக்குள்ளேயே முடிவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி கிடைக்காது.

இடம் சேர்க்கும் ஆர்வத்தில் காற்றை இழப்பது இன்னொரு தவறு. ஈரப்பதமும் வெப்பமும் கலந்த பகுதிகளில் ஜன்னல் திறப்பு தரைப் பரப்பில் குறைந்தது ஆறில் ஒரு பங்கு இருக்க வேண்டும் என்பது தேசியக் கட்டுமான விதித்தொகுப்பின் கணக்கு. கடற்கரையோரத் தமிழ்நாட்டுக்கு அது பொருந்தும். 120 சதுர அடி ஹாலுக்கு இருபது சதுர அடித் திறப்பு. எத்தனை வீடுகளில் பாதி ஜன்னலை பீரோ மறைத்து நிற்கிறது! குளியலறைச் சுவரை ஒட்டி வைத்த மர அலமாரியும் ஈரம் இழுத்துப் பூஞ்சை பூக்கும். இரண்டு விரல் இடைவெளி விட்டால் அது தடுக்கப்படும்.

புதிதாகக் கட்டுபவர்களுக்கோ நல்வாய்ப்பு அதிகம். பர்மிங்காமில் பிறந்து திருவனந்தபுரத்தில் வாழ்ந்து மறைந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் தான் கட்டிய வீடுகளில் சுவரையே பல வேலைகளுக்குப் பயன்படுத்தினார். தாழ்ந்த செங்கல் மேடை இருக்கையாகும், சுவர்க்குழி அலமாரியாகும். நாற்காலியும் பீரோவும் வாங்கும் செலவு கட்டும் செலவிலேயே கரைந்துவிடும். திண்ணையை வீட்டுக்குள் கொண்டுவந்த யோசனை அது. ஜன்னலடியில் பதினாறு அங்குல அகலத்தில் ஒரு மேடை கட்டி, அதன் அடியைப் பெட்டியாக விட்டால் ஹாலில் சோபா தேவைப்படாமல் போகலாம். கூரைக்குக் கான்கிரீட் ஊற்றும் நாளில் கம்பியோடு சேர்த்து நான்கு கொக்கிகளைக் கட்டிவிட்டால் தூளிக்கும் ஊஞ்சலுக்கும் துணிக்கொடிக்கும் அவை ஆயுள் முழுக்கப் பயன்படும். பிறகு துளை போட்டு ஆங்கர் போல்ட் இறக்குவது செலவும் சந்தேகமும் நிறைந்த வேலை.

கையில் இருக்கும் பணம் முழு வீட்டுக்குப் போதாதபோது என்ன செய்வது என்ற கேள்விக்கு இந்தோரில் கட்டடக் கலைஞர் பி.வி. தோஷி ஒரு விடை தந்தார். 1980களின் ஆரண்யா குடியிருப்பில் மிக ஏழைக் குடும்பங்களுக்கு 35 சதுர மீட்டர் மனை, அடித்தளம், கழிப்பறை, குழாய் மட்டும் தரப்பட்டன. மற்றதைக் குடும்பம் தன் வசதிக்கேற்ப வளர்த்துக்கொண்டது. 1995இல் அதற்கு ஆகா கான் விருது கிடைத்தது. சிலியின் இகிகே நகரில் கட்டடக் கலைஞர் அலெஹாந்த்ரோ அரவேனாவின் குழு 2004இல் கட்டிய கின்தா மொன்ராய் வீடுகள் இதையே வேறு விதமாகச் செய்தன. குடும்பத்துக்கு 7,500 டாலர் மானியம்தான். அதில் படிக்கட்டும் சமையலறையும் குளியலறையும் உள்ள பாதி வீட்டைக் கட்டி, மறுபாதியை வெற்றிடமாக விட்டார்கள். கட்டுவதற்குக் கடினமான பாதியை அரசு கட்டியது, எளிதான பாதியைக் குடும்பங்கள் நிரப்பின. தமிழ்நாட்டின் அடுக்குமாடித் திட்ட வீடுகளில் இப்படி வளர வழியில்லை. கைக்கு வந்த சதுர அடியே கடைசி சதுர அடி. அதனால்தான் அவற்றை ஒப்படைக்கும்போதே லாஃப்டும் கடப்பா தட்டும் கொக்கியும் பொருத்தித் தருவது வெறும் அலங்காரம் ஆகாது. குடிவந்த பிறகு ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியே ஆள் பிடித்துச் சுவரைக் குடைவதைவிட, நூறு வீடுகளுக்கு ஒரே ஒப்பந்தத்தில் செய்வது மலிவு.

எந்த யோசனையும் உதவாத எல்லை ஒன்றும் இருக்கிறது. நூறு சதுர அடியில் ஏழு பேர் இருக்கும் வீட்டில் அலமாரியை எங்கே மாட்டினாலும் மூச்சுவிட இடம் வராது. உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட வீடும் நலமும் குறித்த வழிகாட்டுதல்கள் நெரிசலைக் காசநோய் உள்ளிட்ட தொற்றுகளோடும் மன உளைச்சலோடும் தொடர்புபடுத்துகின்றன. அத்தகைய குடும்பத்திடம் ஒழுங்காக அடுக்கி வையுங்கள் என்று சொல்வது கொடுமை. அவர்களுக்கு வேண்டியது பெரிய வீடு.

வாடகை வீட்டில் இருப்பவர்களின் கை வேறு விதத்தில் கட்டப்பட்டிருக்கிறது. 'ஆணி அடிக்கக் கூடாது' என்பது பல வீட்டு உரிமையாளர்களின் முதல் நிபந்தனை. அவர்களுக்கு ஏற்றது போல்ட் முடுக்கும் இரும்பு ஆங்கிள் ராக். ஆறடி உயரம், ஒன்றேகால் அடி ஆழம், நான்கைந்து தட்டுகள். சுவரைத் தொடாமல் நிற்கும், வீடு மாறும்போது கழற்றி ஆட்டோவில் ஏற்றலாம், அடுத்த வீட்டில் தட்டுகளின் உயரத்தை மாற்றிக்கொள்ளலாம். முன்னால் ஒரு திரைச்சீலை போட்டால் அதுவே பீரோ. உயரமான ராக்கைக் குழந்தைகள் பிடித்து ஏறினால் சாயும் என்பதால், கனமானவை கீழ்த்தட்டில் இருக்கட்டும். மேல்முனையை ஜன்னல் கம்பியோடு கட்டிவிடுவதும் நல்லது. வாஷிங் மெஷினுக்கு மேலேயும் கழிவறைச் சுவரோரமும் நிற்கும் குழாய்ச் சட்டங்களும், கதவின் மேல்விளிம்பில் மாட்டும் கொக்கிகளும் இதே இனம்.

தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டின் நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் சட்டம் எழுத்துப்பூர்வமான ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்கியிருக்கிறது. முன்பணம், வாடகை, காலி செய்யும் காலம் என்று பேசி முடிக்கும்போதே இன்னொரு வரியையும் பேசலாம்: எந்தெந்தச் சுவரில் எத்தனை அலமாரி பிராக்கெட் பொருத்தலாம், காலி செய்யும்போது துளைகளை யார் அடைத்துப் பெயிண்ட் அடிப்பது, பொருத்தியவற்றை உரிமையாளர் விலை கொடுத்து எடுத்துக்கொள்வாரா, வாடகைதாரர் கழற்றிக்கொண்டு போவாரா. கையெழுத்துக்கு முன் ஐந்து நிமிடம் பேசினால் போதும்; சாவி கைக்கு வந்த பிறகு அதே பேச்சு மனக்கசப்பில்தான் முடிகிறது.